அப்பா பார்க்காத ஆட்டம்

இனியன் ஒன்பது வருஷம் அமெரிக்காவின் சின்ன லீக்குகளில் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடினான். கோல் போடும் முன்வரிசைக்காரன். நான்கு அணிகள் அவனைப் பந்தாடின. முன்பற்கள் மூன்று போயின. ஒரு ஆட்டத்துக்கும் எட்டிப் பார்க்காத அப்பா குமாரசாமி, ஃபிரிஸ்கோ கோயிலில் யார் விசாரித்தாலும், "பையன் ஐடில இருக்கானுங்க" என்பார்.

முழங்கால் நொறுங்கி ஆட்டம் முடிந்தபின், இனியன் வேறு வழியின்றி ஐடி வேலையிலேயே சேர்ந்தான். அதற்குள் கோயிலுக்கு வரும் பிள்ளைகள் பலர் ஹாக்கி வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். போன ஞாயிறு கோயிலில் பிரசாதம் வாங்கியபின் அப்பா அவன் தோளில் கைபோட்டு, ஒரு அங்கிளிடம் சொன்னார்: "நம்ம பையன் ப்ரோ ஹாக்கி ப்ளேயருங்க. ஒரு மேட்ச் விடாம போய்ப் பாத்திருக்கேன்."

எப்போதும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் இனியன், அன்று தமிழில் சொன்னான்: "எந்த டீம்னு அவரையே கேளுங்க, அங்கிள்."

அப்பா தொன்னையிலிருந்த புளியோதரையை அள்ளி வாய் நிறையத் திணித்துக்கொண்டார்.