மலையேறுகிறவனுக்கு ஏலக்காய் எதற்கு?

பாபநாசம் தாண்டி பஸ் மலை வளைவுகளில் ஏறத் தொடங்கியதும், என் மகளைக் கட்டப்போகிற பையன் சட்டைப் பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து வாயில் போட்டான். விடிந்ததும் விடியாததுமாக ஏலக்காய் எதற்கு? நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் டவுண் ஜவுளிக்கடையில் இத்தனை வருஷமாகத் துணி விரித்துப் போடுகிறேன். ஏலக்காய் மென்றபடி வருகிற ஆண்கள் எதை மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவன் என் மகளே தேர்ந்தெடுத்தவன். எல்லோருக்கும் சம்மதம், நான் சரி என்று சொல்வதுதான் பாக்கி. குடிப்பானா என்பது ஒன்றுதான் என் கவலை. சம்பந்தம் பேசுகிற இடத்தில் அதைக் கேட்டால் சண்டைதான் வரும்.

"எப்பா, அவனுக்கு மலைன்னா உசுரு. ஒருநா சேந்து ஏறிட்டு வாங்க, ஆளு தெரிஞ்சிரும்லா" என்றாள் மகள். இவளுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று அதிலும் எனக்குச் சந்தேகம்.

அடிவாரத்தில், கூட வரவேண்டிய வனக்காவலர் எங்கள் பைகளைப் பிரித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். குப்பி இல்லை. அது இன்னும் மோசம். வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருப்பான்.

பாதை முழுக்க ஈர இலையும் அட்டையும். பையன் எங்களுக்குப் பின்னாலேயே வந்தான். நான் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன அண்ணாச்சி, ஒம்ம மருமவன் மரத்துக்கு மரம் கொஞ்சிக்கிட்டு வாராரு?" என்று காவலர் சிரித்தார்.

"இன்னும் மருமவன் ஆகல வே."

உச்சிப் பாறையின் நடுவிலிருந்தே அணையும் ஆறும், அவன் ஊரான விக்கிரமசிங்கபுரமும் தெரிந்தன. சொந்த ஊரைப் பார்க்கக்கூட அவன் பாறைக்கு வரவில்லை. மரத்தடியில் ஒட்டி உட்கார்ந்து புளியோதரையைப் பிசைந்தான். கை நடுங்கியது. ஒருநாள் குடிக்காவிட்டால் கை நடுங்கும் என்று சொல்வார்கள். கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இறங்கும்போது வழுக்குப் பாறை ஒன்றின் நடுவில் அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, நீங்க போங்க. நான் உக்காந்துக்கிட்டே பைய வாரேன்."

"என்ன செய்யுது?"

"ஒசரம்னா எனக்குப் பயம். வளைவுல பஸ் திரும்புனாலே கொமட்டும், அதுக்குத்தான் ஏலக்காயே. ஒங்களுக்கு மலைன்னா உசுருன்னு ஒங்க மவ சொன்னா. அதான் வந்தேன்."

எனக்கா? மொட்டைமாடியில் துணி காயப்போடக்கூட நான் ஓரத்துக்குப் போகமாட்டேன். கையை நீட்டினேன், இறுகப் பிடித்துக்கொண்டான். பொய் சொல்ல இவனுக்கு இப்போது தெம்பு இருக்காது என்று பட்டது.

"தம்பி, குடிப்பியளா?"

"பொங்கலுக்குக் கூட்டாளியளோட ஒரு பீரு. கைய விட்ராதிய மாமா!"

அதுவரை அவனுக்கு நான் அண்ணாச்சி. இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினோம். காவலர் கீழே நின்று கைதட்டினார்.

பொங்கலுக்கு ஒன்று என்றால் தீபாவளிக்கு எத்தனை என்று பஸ்ஸில் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பக்கத்தில் அவன் கண்ணை மூடி ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி வாசலிலேயே கேட்டாள். "ஆளு எப்படி?"

"பயந்தாங்கொள்ளி. வெத்தல பாக்கு மாத்திருவோம்."

அவள் என் பக்கமாக வந்து மோந்து பார்த்தாள்.

"நீங்க எதுக்கு ஏலக்காய் திங்கிய?"