சுவர் லேயரில் ஒரு நாற்காலி

அன்று காலை ஹைதராபாத் நாச்சாரம் ஆபீசில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பிளானைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்து, அதில் யாரோ எந்தக் காலத்திலோ சிந்திய டீக்கறையை அழித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்டெல்லாவின் பெயர் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "சொல்லு புள்ள" என்றேன். பேசியது அவள் கணவர் டேனியல் அண்ணா. "கலா, உன் சேக்காளி போயிட்டாம்மா" என்றார். "விடியக்காலம். ரொம்பக் கஷ்டப்படல. ஸ்தோத்திரம்." திரையில் டீக்கறை பாதி அழிந்து நின்றது. அன்று அதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஸ்டெல்லாவோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் அவளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சபையிலும் அவள் குடியிருந்த மௌலா அலித் தெருவிலும் மட்டும் அவளைத் தெரிந்தவர்களுக்கு, "கம்ப்யூட்டர்ல ஏதோ வீடு வரையுறா" என்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். அவள் வீடு வரையவில்லை. மற்றவர்கள் என்றோ வரைந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய கட்டடங்களை இடித்துக் கட்டவோ மாற்றவோ நினைப்பவர்கள், பீரோவுக்கு அடியில் மடங்கிக் கிடந்த பிளானை ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். மென்பொருள் அதைப் படித்துக் கோடுகளாக்கித் தரும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. காகித மடிப்பைப் பார்த்தால் சுவர் என்று நினைத்துக்கொள்ளும். கறையைப் பார்த்தால் கிணறு என்று வட்டம் போடும். பொய்ச் சுவரை எடுத்து, கோணலை நிமிர்த்தி, சேராத மூலைகளைச் சேர்த்து, வீட்டை வீடாக ஆக்குவதுதான் எங்கள் பிழைப்பு. நானும் அவளும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். ஒரே வயது. நான் கோயம்புத்தூரிலிருந்து கணவரின் ஐ.டி. வேலைக்குப் பின்னால் வந்தவள். அவளுடையது தாத்தா காலத்திலேயே பாளையங்கோட்டைப் பக்கமிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். ஊர்த் தமிழ் அப்படியே இருந்தது, அதில் பாதி உருதுவும் கால்வாசி தெலுங்கும் குடிவந்திருந்தன. என் 'ஏனுங்க'வைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பை எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன்கூட இன்னும் மறந்திருக்க மாட்டார்.

எங்கள் மென்பொருளில் லேயர் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல. சுவருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. எதை வேண்டுமானாலும் அணைத்து மறைக்கலாம், மறுபடி ஏற்றலாம். ஸ்டெல்லா தானாகவே இன்னொரு லேயர் வைத்திருந்தாள். பெயர் நக்கோ. இந்த ஊரில் 'வேண்டாம்' என்பதற்கு அதுதான் சொல். அவள் எதையும் அழிக்க மாட்டாள். சந்தேகமான கோடு எதுவானாலும் நக்கோவுக்குத் தள்ளிவிட்டு அந்த லேயரை அணைத்து மறைத்துவிடுவாள். ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் போன் செய்து, "மேடம், நக்கோன்னு ஒரு லேயர் வருதே, அது என்ன ஸ்டாண்டர்ட்?" என்று மரியாதையாகக் கேட்டார். ஸ்டெல்லா முகத்தைக் கோயிலில் வைத்திருப்பது போல வைத்துக்கொண்டு, "ஹவ் சார், ஆமா சார், அது ஹைதராபாத் ஸ்டாண்டர்ட்" என்றாள். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அடுத்த மாதம் அவர் அனுப்பிய பைலில் அவரே ஒரு நக்கோ லேயர் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

"அழிச்சுட்டா நிம்மதியா இருக்குமே புள்ள, கைக்கு இந்தக் குப்பையைக் கட்டிட்டு அழற?" என்று, 'ஏன்' என்பதற்கு அவள் சொல்லும் உருதுக் 'கைக்கு'வையே போட்டு அவளைக் கேட்டிருக்கிறேன். "ஏட்டி, குப்பைன்னு நமக்கு எப்படித் தெரியும்? நாம என்ன அந்த வீட்லயா இருந்தோம்?" என்பாள்.

அவள் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தின் பிளான் அவளிடம் வந்தது. மகா அழுக்கு. திரை முழுக்கப் பொடிப்பொடிக் கோடுகள். மென்பொருளில் ஒரு கட்டளை இருக்கிறது, இந்த நீளத்துக்குக் குறைவான கோடு எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்கிவிடு என்று. ஸ்டெல்லா அதைத் தட்டினாள். பிளான் பளிச்சென்று ஆகிவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள், நாங்களும் கை தட்டினோம். பைல் போனது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்காரர் போனில் வந்தார். கோபப்படவே இல்லை. "மேடம், பில்லலு பைகி எலா வெள்ளாலி?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் மாடிக்கு எப்படிப் போவது? ஸ்டெல்லா படத்தைத் திறந்து பார்த்தாள். மாடி இருந்தது. வகுப்புகள் இருந்தன. படிக்கட்டு இல்லை. படிகள் எல்லாம் குட்டிக் கோடுகள்தானே, குப்பையோடு போய்விட்டன. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. "நான் தட்டின தட்டுல ஒரு ஸ்கூலே மேல ஏற முடியாமப் போச்சுட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகுதான் அவள் நடக்க ஆரம்பித்தது. எந்த பிளானானாலும் அனுப்புவதற்கு முன்னால் மௌஸை வாசலில் வைத்து, மெதுவாக உள்ளே போவாள். போகும்போதே வாய்க்குள் பேசுவாள். "செருப்பக் கழட்டியாச்சு. ஹாலுக்கு வந்தாச்சு. இந்தா பெட்ரூம். ஐயய்யோ, பாத்ரூம் கதவத் தெறந்தா வாஷ்பேசின்ல இடிக்கே, இவுக எப்படிக் குளிச்சாக?" பக்கத்து நாற்காலியில் இருந்து இதைத் தினமும் கேட்பது பெரிய தொல்லை. "வீட்டுக்காரங்க காப்பி குடுத்தாங்களா?" என்று கிண்டல் செய்வேன். "ஹவ், சக்கரை கம்மி" என்று திரும்பாமலே பதில் வரும். எவருமே இல்லாத வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன ஒரே ஆள் அவள்தான்.

போன வருடம் அவளுக்கு வியாதி வந்தது. சிகிச்சை ஓடியது, பலன் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவள் அதற்கு அழுததை நான் பார்க்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே கவலைதான். டேனியல் அண்ணா சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகி, இப்போது பகலா இரவா என்பது மட்டும் தெரியும். மகள் பியூலா பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். நல்ல பெண். அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவது என்று முடிவே செய்திருந்தாள். அண்ணாவுக்கோ இந்தத் தெரு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு வேண்டும், சாயங்காலம் வாசலில் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் வேண்டும். "பதினாலாவது மாடியில கொண்டுபோய் வெச்சா அவுக பேசுறதயே விட்ருவாக கலா" என்றாள் ஸ்டெல்லா. "இந்த வீட்ல தனியா இருந்துக்கிடுவாகன்னு பியூலாவுக்கு நான் காட்டிட்டுப் போணும்."

எப்படிக் காட்டுவது? எங்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். நான் டேப் பிடித்து அளக்க, அவள் ஹாலிலிருந்து சமையலறைக்குத் திரும்பும் இடத்தில் கிடக்கும் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பில் தன் வீட்டையே வரைந்தாள். கட்டில், பீரோ, தையல் மெஷின், டீப்பாய், பியூலா ஒரு வாரம் மிதித்துவிட்டு விட்ட எக்சர்சைஸ் சைக்கிள், எல்லாமும். பிறகு அண்ணா எதில் இடித்துக்கொள்வார் என்று நினைத்தோமோ அதையெல்லாம் நக்கோவுக்குத் தள்ளினோம். பிளானில் தள்ளியதை என் கணவரும் பக்கத்து வீட்டுப் பையன்களும் நிஜமாகவே தூக்கிச் சுவரோரம் ஒதுக்கினார்கள். கடைசியில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் எடுத்துவிட்டு அவளை ஹால் ஓரத்துக் கட்டிலில் சாய்த்தோம். ஹால் மைதானம் மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கு ஒரே பெருமை.

"வாங்க, இப்போ அடுக்களைக்குப் போங்க" என்றாள் ஸ்டெல்லா. அண்ணா எழுந்து நடந்தார். ஹாலின் நடுவில் நின்றுவிட்டார். கையை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. பாத்ரூம் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடி நின்றார். சொந்த வீட்டில், முப்பது வருடத்துக்கு மேல் இருந்த வீட்டில், தொலைந்துபோன குழந்தை மாதிரி நின்றார். "ஸ்டெல்லா, வீட்ட எங்கட்டி கொண்டு போன?" என்றார்.

ஸ்டெல்லா முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "கலா, நான் மறுபடியும் படிக்கட்ட அழிச்சிட்டேன்ட்டி" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இடிக்கும் என்று நாங்கள் ஒதுக்கிய சாமான்களைத் தொட்டுத் தொட்டுத்தான் அவர் அத்தனை நாளும் நடந்திருக்கிறார். தையல் மெஷின் வந்தால் ஜன்னல். டீப்பாய் முனை முழங்காலில் பட்டால் கதவு. பிரம்பு நாற்காலியின் முதுகு கைக்கு வந்தால் வலப்பக்கம் அடுக்களை.

அன்று மாலையே எல்லாவற்றையும் திரும்ப வைத்தோம். சைக்கிள் மட்டும் நக்கோவிலேயே இருந்தது, அது யாருக்குமே உதவாதது. ஒவ்வொன்றாக வைக்க வைக்க அண்ணா நடந்து பார்த்தார். பிளானில் ஸ்டெல்லா அவற்றை ஏற்றிக்கொண்டே வந்தாள். கடைசியாக நாற்காலி. அதை அவள் சாமான் லேயரில் வைக்கவில்லை, சுவர் லேயரில் வைத்தாள். "என்ன புள்ள, தப்பா வெச்சுட்ட" என்றேன். "தப்பில்ல. அது நகரக் கூடாது" என்றாள். எதிரிலிருந்த கட்டிலில் சாய்ந்தபடி, அவர் அதைத் தொட்டுத் திரும்பிப் போய்ப் பால் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவ்வளவு அழகாக இருந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டில் ஜெபக்கூட்டம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கூட்டத்துக்கு இடம் பண்ணுவதற்காக உறவுக்காரர்கள் ஹாலைக் காலி செய்திருந்தார்கள். பிரம்பு நாற்காலி வெளி வராந்தாவில், அதில் போதக ஐயர். அண்ணா எல்லோருக்கும் தன் கையால் காப்பி போடப்போவதாகச் சொல்லி எழுந்தார். நடுஹாலில் நின்றார். அதே மாதிரி கையை நீட்டினார். பியூலா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, "டாடி, இதுக்குத்தான் சொல்றேன், ப்ளீஸ்" என்று அழுதாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் வராந்தாவுக்குப் போனேன். "ஐயரே, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் எந்திரிங்க" என்று சொல்லி, அவர் எழுந்தும் எழாமலும் இருக்கும்போதே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் இடத்தில் போட்டேன். "அண்ணா, போட்டாச்சுங்க" என்றேன்.

அண்ணா மகளின் கையை மெதுவாக விலக்கினார். ஓரடி வைத்தார். கை நாற்காலியின் முதுகில் விழுந்தது. வலப்பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் டம்ளர் சத்தம் கேட்டது. அத்தனை பேருக்கும் காப்பி வந்தது. பியூலா அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, தான் மட்டும் ரயில் ஏறினாள். ஏறும் முன், நாற்காலியின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் பெயின்ட்டால் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவின் மகள்தான்.

போன வாரம் போயிருந்தேன். அண்ணாவே கதவைத் திறந்தார். "கலாவா? செருப்புச் சத்தம் கேட்டுச்சு" என்றார். முன்னால் விறுவிறுவென்று நடந்துபோனார், எதையும் தேடவில்லை. ஆனால் நாற்காலியிடம் வந்ததும் கையை அதன் மேல் வைத்து நின்றார். "அண்ணா, இப்பத்தான் நல்லா நடக்கறீங்களே, இது இன்னும் வேணுங்களா? இடிச்சுக்கப் போறீங்க" என்றேன். "வழிக்கு வேண்டாம்மா. வழி எப்பவோ பழகிட்டு" என்றார். கையை எடுக்கவில்லை.

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவள் நடைதான். எந்த பிளானானாலும் இப்போது நானும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். வாய்க்குள் பேசுகிறேன், பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்திருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார், பார்க்கட்டும். வேலை முடிந்ததும் சில நாள் அவள் வீட்டு பிளானைத் திறக்கிறேன். ஹாலுக்கு வருகிறேன். தையல் மெஷின், டீப்பாய், அப்புறம் சுவர் லேயரில் அந்த நாற்காலி. அங்கே வந்ததும் மௌஸ் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விடுகிறேன்.