பச்சைத் தண்ணி

எங்கள் பழைய கார் ஏற்றத்தைக் கண்டால் கொதிக்கும். என் வீட்டுக்காரருக்கோ அதுதான் உயிர். அதைத் துடைக்கும் அக்கறையில் பாதியை வீட்டு வேலையில் காட்டியிருந்தால் நான் மகாராணி. றக்வான பஜாரில் கார் பாட்ஸ் விற்கும் முஸ்லிம் கடைக்கார நானாவிடம் ஒரு காலை முழுக்கப் பேசிவிட்டு, ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் வாங்கி வந்தார். பழைய பித்தளை ரேடியேட்டருக்குப் பச்சை நிறம்தான் ஒத்துவருமாம். சிவப்போடு கலக்கவே கூடாதாம். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்க வேண்டுமாம். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுவது என்றார். இங்கே எங்கே ஐஸ் விழுகிறது என்று கேலி செய்தேன். துருப் பிடிக்காது, சீக்கிரம் கொதிக்காது என்று விளக்கினார். வீட்டில் அதற்கு 'மருந்து' என்றே பெயராகிவிட்டது.

அந்தச் சமயம் யட்டியாந்தோட்டையில் அண்ணன் வீட்டில் இருந்த அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. காலையில் தெளிவாக இருக்கிறார், உன்னைத்தான் கேட்கிறார், மத்தியானத்துக்கு மேல் ஆளே தெரிவதில்லை என்று அண்ணன் சொல்லியனுப்பினார். விடியுமுன் புறப்பட்டு மத்தியானத்துக்கு முன் போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் ரேடியேட்டரைக் கழுவிக் காலியாக்கி வைத்திருந்தார். அதற்குள் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஏதோ மெஷின் நின்றுவிட்டதென்று ஆள் வந்தது. போகிற போக்கில் சொன்னார்: "அந்தப் பச்சைத் தண்ணிய ஊத்தி மூடிரு."

பைப்பைத் திறந்து வாளி நிறையப் பிடித்து ஊற்றி மூடினேன். காய்ச்சாத வெறும் தண்ணீரைத்தானே பச்சைத் தண்ணி என்போம்? மருந்து என்று சொல்லியிருந்தால் மருந்தையே ஊற்றியிருப்பேன். அந்த மனுஷனுக்கு அன்றைக்குத்தானா நிறம் சொல்லத் தோன்ற வேண்டும்?

காலையில் முதல் பெரிய ஏற்றத்திலேயே கார் ஆவி கக்கி நின்றது. ஆறட்டும் என்று காத்திருந்து, சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தவர் என்னைப் பார்த்தார்.

"என்னத்த ஊத்துன?"

"நீங்க சொன்ன பச்சைத் தண்ணியத்தான்."

மூடியைக் கையில் பிடித்தபடியே ரோட்டோர மதகுக் கட்டில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே வெயில் ஏறிவிட்டதைப் பார்த்து அழுகையும் வந்தது. பக்கத்துச் சிங்கள வீட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு, ஏற்றத்துக்கு ஏற்றம் நின்று நின்று போனோம்.

போய்ச் சேரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. அம்மா தலை வாரி, வாசலில் உட்கார்ந்திருந்தார். காலையெல்லாம் "குட்டி வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்றார் அண்ணன். பிறந்ததிலிருந்து எனக்கு "வாடி, போடி"தான். இப்போது என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க, உக்காருங்க. எங்கேருந்து வாறீங்க?"

"றக்வானலேருந்து வாறோங்க" என்றேன்.