பதினாலு வருஷ ஜீப்பும் ரெண்டு வருஷ மின்சார காரும்

பழைய கார் வியாபாரத்தில் வண்டியைவிட அதிகம் ஓடுவது வாய்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கி நொந்தவர்களே, நம்பி விற்று நொந்தவர்களே, கடைசியில் சொல்லப்போகும் சங்கதியை நானே மூன்று வருஷம் நம்பவில்லை.

டம்ளர் சோதனை

வத்தலக்குண்டு நர்ஸ் ஜெசிந்தாவுக்கு மலைமேல் ஆஸ்பத்திரியில் வேலை. முதல் பஸ்ஸில் போனாலும் தாமதம். இரண்டு மெமோ வந்துவிட்டது, மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்க, திண்டுக்கல்லில் என் ஷெட்டுக்கு நெய்க்காரப்பட்டி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். பானெட்மேல் தண்ணீர் டம்ளரை வைத்து இன்ஜின் ஆட்டம் பார்ப்பது அவர் வழக்கம். என்னிடம் இருந்தவை இரண்டுதான்: டீசல் ஜீப்பில் பாதித் தண்ணீர் சிந்தியது. மின்சார காரில் ஒரு சொட்டு அசையவில்லை. வண்டி ஆன் ஆகி ஐந்து நிமிஷம் ஆகியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, மொதல்ல ஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் பாக்கலாமுங்க."

பள்ளத்தில் ஒரு வித்தை

எனக்கு ஜீப்பைத் தள்ளிவிட வேண்டும். நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி. கண்மாய்க் கரையில் வேண்டுமென்றே சேற்றுப் பள்ளத்தில் இறக்கினேன். உறுமிக்கொண்டு ஏறியது பாருங்கள், எனக்கே புல்லரித்தது! "கரண்ட் வண்டி மலையில நின்னுபோனா யாரு தள்ளுவா?" என்றும் பயமுறுத்தினேன். தெரிந்துதான் சொன்னேனா, ஜீப் நாலு மாசமாக ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் சொன்னேனா? இன்றும் எனக்கே விளங்கவில்லை. ஜெசிந்தா சேலையில் தெறித்த சேற்றைத் துடைத்தார்.

"அண்ணே, ஆஸ்பத்திரி வரைக்கும் தார் ரோடு. நான் எதுக்குப் பள்ளத்துல எறங்கப்போறேன்?"

இறங்க இறங்க ஏறுது

மின்சார காரையே வாங்கினார். ஒரு வாரத்தில் போன்: "மலை எறங்குறப்ப சார்ஜ் கூடுதுண்ணே! சக்கரம் சுத்துறதுலயே மோட்டாரு கரண்ட் எடுத்து பேட்டரிக்கு அனுப்புதாம்." வாங்கியவர்கள் தம் வண்டியைப் புகழ்வது சகஜம் என்று விட்டுவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் மலைக்கு மின்சாரம் ஆகாது என்றே சொல்லிவந்தேன். ஆனால் அவருக்கு மூன்றாவது மெமோ வரவே இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வாரம் பொறுக்க முடியாமல் அவரோடு போய்வந்தேன். மலைமேலிருந்து கிளம்பும்போது சார்ஜ் ஐம்பத்தொரு சதவீதம். இறங்க இறங்க ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று! ஒவ்வொரு வளைவிலும் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன். அடிவாரத்தில் ஐம்பத்தெட்டு.

"அண்ணே, கத்தாதீங்க. எதிர்ல வர்ற பஸ்காரன் பயந்துருவான்."

மூன்று வருஷம் அவர் சொன்னதைச் சந்தேகப்பட்ட நான், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கடைசியாகக் கேட்டேவிட்டேன்: "சிஸ்டர், அன்னைக்கு அந்த ஜீப்பை அம்புட்டுப் புகழ்ந்தேனே, அதுல ஒரு வார்த்தையாச்சும் நம்புனீங்களா?"