கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை

பிசியோதெரபி என்றால் எங்கள் பக்கத்தில் எண்ணெய் இல்லாமல் கை கால் பிடித்துவிடுகிற தொழில். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஸ்கூட்டியில் வீடு வீடாக ஏறி இறங்கும் என் தொழில்காரர்களே, தூக்கத்தைக் கெடுத்த வீடு ஒன்று உங்களுக்கும் வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது பிரம்மதேசத்தில் செல்வியக்கா வீடு.

ஜாக்கெட்

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பக்கவாதம் வந்து மூணு மாசம். கால் ஓரளவு வந்துவிட்டது, இடது கை வரவில்லை. தோள்பட்டை இறுகிப்போய், கையை உடம்பைவிட்டு ஒரு சாண் நகர்த்தினாலே உயிர் போகிற வலி. வீட்டில் வேறு பெண்கள் கிடையாது. எல்லாம் வீட்டுக்காரர் ஏகாம்பரம்தான்.

முதல் நாள் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், நல்ல கைக்கு முதலில் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, வராத கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். எனக்கு வந்ததே கோபம். "இன்னொரு தடவை இழுத்தீங்கன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று கத்திவிட்டேன். வராத கைக்குத்தான் முதலில் போட வேண்டும், கழற்றும்போது அது கடைசி. அவருக்கு இதை யார் சொல்லித்தந்தார்கள், பாவம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. ஆம்பள கையால ஜாக்கெட்டு போட்டுக்கினு எத்தினி நாளு இருப்பேன்? அத நானே போட்டுக்கினா போதும்."

வளையல்

இரண்டு கையையும் ஒரு பலகைமேல் வைத்து, நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்துவோம். வராத கை பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், வராத கையே அசைவது போலத் தெரியும். பார்த்துப் பார்த்து மூளைக்குப் பழைய வழி ஞாபகம் வரலாம், வலியும் கொஞ்சம் அடங்கலாம். உறுதியெல்லாம் நான் கொடுக்கவில்லை.

சிக்கல் வளையலில் வந்தது. வீங்கிப்போன இடது கை வளையல்களை ஆஸ்பத்திரியிலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். வலது கையில் மட்டும் ஆறு. கண்ணாடியில் வளையல் போட்ட கை தெரிந்தால் அது தன் இடது கை என்று மனசு எப்படி நம்பும்? கழற்றச் சொன்னேன். புருஷன் எதிரே உட்கார்ந்திருக்க, இரண்டு கையும் மொட்டையாகவா? அக்கா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. மறுநாள் ஏகாம்பரம் திண்டிவனம் கடைத்தெருவில் பெரிய சைஸ் கவரிங் வளையல் வாங்கி வந்திருந்தார். வீக்கம் வடிந்திருந்ததால் இடது கையில் லூசாக இரண்டு போட்டேன், வலது கையிலும் ஆறுக்குப் பதில் அதே மாதிரி இரண்டு. "கழட்டச் சொன்னா கழட்டமாட்டா மேடம். ரெண்டு கையிலயும் இருந்தா உங்க கண்ணாடி ஒத்துக்கும் இல்ல?" என்றார்.

நாலு நாள்

தினம் இரண்டு வேளை செய்யச் சொல்லிவிட்டு, வேலையாக நாலு நாள் விழுப்புரம் போய்விட்டேன். திரும்பி வந்தால் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தோளைத் தொட விடவில்லை. ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். இந்தக் கை அவ்வளவுதானோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

எப்படிச் செய்தீர்கள், காட்டுங்கள் என்றேன். ஏகாம்பரம் கண்ணாடியை நிறுத்தினார். முகம் தெரிகிற பக்கம் வராத கையைப் பார்த்து இருந்தது, நல்ல கை பின்னால் ஒளிந்திருந்தது. நாலு நாளும் அந்தப் பொம்பளை அசையாத கையை ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திட்ட வாயைத் திறந்தேன். எந்தப் பக்கம் என்று நான் சொல்லிக்கொடுத்தேனா? இல்லை. நானே வைத்தேன், நானே எடுத்தேன். வெட்கமாக இருந்தது. அவர் ஒன்றும் புரியாமல் கேட்டார்: "சீக்குக் கையத்தான மேடம் கண்ணாடில காட்டணும்? நல்ல கைக்கு இன்னா வந்துது?"

சத்தம்

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியில் ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டை ஒட்டி, பொட்டு எப்போதும் நல்ல கையைப் பார்க்கணும் என்று ஏகாம்பரத்திடம் பத்து தடவை சொன்னேன். அக்கா வேண்டாவெறுப்பாக மறுபடி உட்கார்ந்தார். இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை.

ஒருநாள் காலை, கொஞ்சம் ஓய்வு எடுங்கள் என்றேன். வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். வளையல் சத்தம் கேட்டது. மூணு பேரும் வலது கையைப் பார்த்தோம். அது மடியில் சும்மா கிடந்தது. மறுபடியும் சத்தம், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து. எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். இடது கை பலகைமேல் நாலு விரற்கடை நகர்ந்திருந்தது. ஏகாம்பரம் அழுதுவிட்டார், நானும்தான்.

அதற்கப்புறம் ஒரு மாசம் கழித்து, அக்கா ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கினார். யாரும் தொடக் கூடாது என்றார். வராத கைக்கு முதலில், மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் ஏகாம்பரமும் மூச்சுவிடாமல் நின்றோம். தோள்வரை துணி ஏறியது. மறு கையும் நுழைந்தது. கொக்கி மட்டும்தான் பாக்கி, பழக்க தோஷத்தில் ஏகாம்பரம் கையை நீட்டினார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்: "நானே போட்டுக்கிறேன். நீ வெளிய போய் நில்லுய்யா, பொம்பள துணி மாத்துறா இல்ல."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் என் பையில் கண்ணாடியோடு ஒரு பொட்டு அட்டையும் ரெண்டு ஜோடி லூசான வளையலும் இருக்கின்றன. நான் எழுதிய பரீட்சைகளில் இதில் ஒன்றைப் பற்றிக்கூட ஒரு மார்க் கேள்வி வந்ததில்லை.