கால் நீட்டிப் படுத்தேன்

தென்காசி ஆஸ்பத்திரி வார்டில் அன்று இருந்தவர்கள்: என் மனைவி எஸ்தர். அவள் தம்பி தங்கராஜ். போதகர் ஐயா. டாக்டர் அம்மா. கட்டிலில் நான், வலது காலைத் தொங்கப் போட்டபடி.

தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் தாங்கும். மேலே தூக்கினால் தீ வைத்ததுபோல் எரியும். படுத்துத் தூங்கிப் பல வாரம் ஆகியிருந்தது.

நான் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். ஈரப் பாறையில் குளிர் தெரியாமலிருக்க பீடி குடிப்பேன். எஸ்தர் சுற்றுகிற பீடிதான். போன சாரல் சீசனில், நடந்தால் கெண்டைக்கால் இழுத்தது. ஊரார் கால்களையெல்லாம் தேய்க்கிறவனுக்கு இது என்ன என்று நானே தேய்த்தேன். பிறகு பாதம் ஐஸ் போலானது. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினேன். சூடு உறைக்கவில்லை. தோல் வெந்துவிட்டது. புண்ணாகி, இரண்டு விரல் கறுத்தது.

டாக்டர் அம்மா சொன்னார்: “பீடியால ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி இணைக்கக் கீழ நல்ல குழாய் இல்ல. குழாயை விரிக்கிற மருந்து ஒண்ணு, சொட்டுச் சொட்டா ஏத்திப் பாப்போம். எல்லாருக்கும் கேக்காது. கேக்கலன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். பீடியைத் தொட்டா மருந்து வீண்.”

தங்கராஜ் முகம் சுளித்தான். “அத்தான், மருந்து ஏத்துனா விசுவாசம் இல்லன்னுல்லா ஆகும். ஜெபத்துல நிப்போம்.”

“ஏலே, பல்லு வலிக்குன்னு ஊசி போடப் போனியே, அன்னைக்கு ஒன் விசுவாசத்த எங்கன வச்சிட்டுப் போன?” என்றாள் எஸ்தர்.

போதகர் ஐயா சிரித்துவிட்டார். “ஏத்துங்கம்மா. நாங்க ஜெபிக்கோம்” என்றார்.

நான் பெரிதாக ஜெபிக்கவில்லை. கோபமாக இருந்தது. ஆண்டவரே, காலை நீட்டிப் படுக்க விடும் என்று மட்டும் கேட்டேன்.

மருந்து ஏறியதும் தலைவலியில் மண்டை பிளந்தது. முகம் சிவந்தது. குமட்டியது. நர்ஸ் வேகத்தைக் குறைப்பார், தாங்கினால் கூட்டுவார். தினமும் இதே பாடு. ஒரு மதியம் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தேன். எரியவில்லை. எஸ்தர் பாதத்தைத் தொட்டாள். “சூடு வந்திருக்குங்க” என்றாள். அழுதாள். நான் தூங்கிப்போனேன்.

அது ஆண்டவர் செய்தது. மருந்தை வைத்துச் செய்தார்.

கறுத்த விரல்களுக்காகவும் பிறகு கேட்டேன். கிடைக்கவில்லை. எடுத்துவிட்டார்கள்.

பாறையில் இனி நிற்க முடியாது. அருவிக்குப் போகிற வழியில் துண்டு விற்கிறேன். பீடி குடிப்பதில்லை. எஸ்தர் இன்னும் பீடி சுற்றுகிறாள். அந்தக் கூலியில்தான் எனக்கு மாத்திரை வாங்குகிறோம்.

சகோதரரே, நடந்தால் கால் இழுக்கிறதா, பாதம் குளிர்கிறதா, தேய்க்காதீர்கள். சூடு வைக்காதீர்கள். பீடியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகிற வழியிலேயே ஜெபியுங்கள். அவர் கேட்பார். எனக்கு எல்லாம் தரவில்லை. ஆனாலும் நன்றி சொல்கிறேன், சொந்தக் காலில் நின்றுகொண்டு.

இரண்டு காலிலும் சேர்த்து விரல் எட்டு.