பிரஸ்பிடேரியன் சம்பந்தி

நயாகரா காட்டுகிறேன் என்று மல்வேர்னில் உள்ள தன் வீட்டிலிருந்து காரில் ஏற்றிவந்த சிவநேசன் அண்ணை, டொராண்டோ நூலகம் ஒன்றில் கணினி முன்னால் என்னை உட்கார வைத்திருக்கிறார். திரையில் அயர்லாந்துத் தேவாலயம் ஒன்றின் பழைய ஞானஸ்நானப் பதிவுகள். அண்ணையின் மகள் கட்டிக்கொள்ளப்போகும் வெள்ளைக்காரப் பையனின் முன்னோர் அங்கிருந்து கனடா வந்த பிரஸ்பிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். பையனின் குடும்பம் எப்படி என்று அண்ணை விசாரிக்கிறார்.

"உங்க பொண்ணுதான் முடிவு பண்ணிட்டாளே, அண்ணை?"

"அது அவளின்ர முடிவு. விசாரிக்கிறது எங்கட கடமை. ஊரிலயெண்டா ரெண்டு பேரைக் கேட்டாப் போதும். இஞ்ச ஆரைக் கேக்கிறது?"

பையனின் பாட்டனுக்குப் பாட்டன் திடீரென்று பதிவுகளில் காணாமல் போகிறார். அண்ணையின் முகம் சுருங்குகிறது. நூலகப் பெண் எட்டிப் பார்த்து, அதே ஊரின் இரண்டாவது தேவாலயத்திலும் தேடச் சொல்கிறார். போதகரோடு சண்டை வந்தால் பாதிச் சபை பிரிந்துபோய் எதிரிலேயே இன்னொன்று கட்டிவிடுமாம்.

அங்கே இருக்கிறார் பாட்டன், பிரிந்துபோன சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவராக!

இங்குள்ள அண்ணையின் ஊர்க்காரர் சங்கம் போன வருடம்தான் இரண்டாக உடைந்தது. புதியதற்கு இவர்தான் தலைவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூரிப்போடு மனைவியைப் போனில் அழைத்து, சபை பிரிந்த கதையைச் சொல்கிறார்.

"கலியாணத்துக்கு நாள் பாருமப்பா. நல்ல குடும்பம். எங்கட ஆக்களைப் போலத்தான்."

போனில் அவர் மனைவியின் குரல் எனக்கும் கேட்கிறது. "அது சரியப்பா, சண்டையைத் தொடங்கினது ஆர்? அந்தப் பாட்டன்ர ஆக்களோ, மற்ற ஆக்களோ?"

அண்ணை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு திரைப் பக்கம் திரும்புகிறார்.